நாற்பத்தெட்டுக் குட்டைச் சிலந்திகளும் ஒரு தலைதீபாவளியும்

1988ஆம் ஆண்டு அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி இருபது நிமிடம். மூன்று மணிக்குப் பிடித்த மழை விட்டுவிட்டது. தகரக் கூரை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், பின்னறை அலமாரிக்கு முன்னால் நின்று நான்காவது தடவையாக எண்ணி முடித்தேன். நாற்பத்தேழு. இருக்க வேண்டியது நாற்பத்தெட்டு.

குறைந்திருந்தது ஒரு சிலந்தி. மூலையில் வலை கட்டி ஈ பிடிக்கும் சாதாரணச் சிலந்தி அல்ல. உடம்பெல்லாம் ரோமத்தோடு, நடந்து போய் இரை பிடிக்கும் ஜாதி. ஆங்கிலத்தில் டாரன்டுலா என்பார்கள். அதிலும் குட்டை இனம். முழுதாக வளர்ந்ததுகூடக் காலை ஒடுக்கிக்கொண்டால் ஐம்பது காசு நாணயத்துக்குள் அடங்கிவிடும். காணாமல்போனதோ நாலு மாதக் குஞ்சு, துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டுவிட்டாள்.

"ஏங்க, நாலு வாட்டி எண்ணிட்டீங்க. ஒண்ணு கொறையுதா?"

எனக்குப் பொய்க் கணக்குச் சொல்ல வராது. நான் வேலை பார்த்த தோட்டத்தில் எனக்கு இருந்த நல்ல பெயரும் அதனால்தான், பட்ட தொல்லைகளும் அதனால்தான். குறைகிறது என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். தீபாவளிக்கு மூன்றரை வாரம் இருந்தது. ஜூன் மாதம் சிரம்பானில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகளுக்கு அது தலைதீபாவளி. பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்து, தங்கி, விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத் துணி உடுத்த வேண்டும். "மாப்பிள்ள வந்து பாய்ல படுக்கிற வீடு இது," என்றாள் என் மனைவி. "அது கெடைக்கிற வரைக்கும் நானும் இங்க படுக்க மாட்டேன், அவரையும் படுக்க வைக்க மாட்டேன்." விளக்கேற்றி, சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ரஹாங்கில் இருக்கும் எங்கள் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் அப்போது கோலா சாவா பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை நிற்க வைத்து எண்ணுவது, பால் வாளிகளை எண்ணுவது, ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை என்ற எண்ணெய்ப் பனையை நட்ட பிறகு குலைகளை எண்ணுவது, இதுதான் என் தொழில். வருடக்கணக்கில் செய்த வேலை வீட்டுக்குள்ளும் வந்துவிடுமல்லவா. சட்டியில் போடும் முறுக்கை எண்ணுவேன். கோயிலில் சுற்றுகளை மனைவியுடையதையும் சேர்த்து எண்ணுவேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது, ஓய்வில் எதை எண்ணுவது என்ற கவலை வந்தது. கவலைப்படுவதற்கு எனக்குக் காரணம் கிடைக்காமல் போனதே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய ரப்பர் மரங்களைத் தள்ளினார்கள். கிடந்த கட்டைகளின் பட்டையைப் பெயர்த்தால், அடியில் வெள்ளைப் பட்டுக் குழாய் மாதிரி ஒரு கூடு, அதற்குள் இந்தக் குட்டைச் சிலந்தி. பெண்கள் விளக்குமாற்றால் அடித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். நான் ஒன்றைப் பாட்டிலில் போட்டு மேசையில் வைத்தேன். சும்மாதான்.

சிரம்பானில் அரிசி, பருப்பு மொத்த வியாபாரமும் கூடவே வட்டிக்கடையும் நடத்திவந்த ஒரு முதலாளி எனக்குப் பழக்கம். மூன்று தலைமுறையாக லேவாதேவி செய்யும் குடும்பம். ஏதோ கணக்கு விஷயமாக என் ஆபீசுக்கு வந்தவர் பாட்டிலைப் பார்த்தார். பார்த்தவர் பத்து நிமிடம் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தால் மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அவருடைய சொந்தக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்கு அலங்கார மீன் அனுப்புகிறவர். அங்கே இப்போது சிலந்தி கேட்கிறார்களாம். பெரிய ரோமச் சிலந்தி அலுத்துவிட்டதாம். அடுக்குமாடி வீட்டில் இடத்தை அடைக்காத குட்டை இனம் வேண்டுமாம். காட்டில் பிடித்தது ஆகாது, வீட்டிலேயே பிறந்து வளர்ந்ததாக இருக்க வேண்டுமாம். நம் ஆட்கள் சம்பந்தம் பேசும்போது பார்ப்பதையெல்லாம் வெள்ளைக்காரன் சிலந்தி வாங்கும்போது பார்க்கிறான்.

"மலாய்க்காரன் இதுக்கு என்ன பேர் வெச்சிருக்கான் பாத்தீங்களா கிராணி?" என்றார் முதலாளி. "லாபா-லாபா. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ லாபம். பேர்லயே எழுதியிருக்கறப்ப நமக்கு என்ன யோசன?"

இப்படித்தான் நான் சிலந்தி வளர்ப்பில் இறங்கினேன். தோட்டத்து மானேஜர் துரையின் பங்களாவில் மூன்று நாய்கள் இருந்தன. அவற்றுக்கென்று ஒரு ஆள், அந்த ஆளுக்குத் தோட்டச் செலவில் சம்பளம். துரை நாய் வளர்த்தால் அது ரசனை. கிராணி சிலந்தி வளர்த்தால் தொழிலாளர்கள் குடியிருந்த லயம் முழுக்க, பெரிய கிராணிக்கு ஓய்வு வருவதற்கு முன்னாலேயே ஏதோ வந்துவிட்டது என்று பேசினார்கள்.

வளர்ப்பது கஷ்டமில்லை. கவலைப்படுகிறவன் வளர்ப்பதுதான் கஷ்டம். ஒரு பாட்டிலுக்கு ஒன்றுதான் வைக்க வேண்டும், இரண்டு வைத்தால் மறுநாள் ஒன்றுதான் இருக்கும். ரொட்டிக்குத் தடவும் காயா ஜாம் பாட்டில்களைக் கழுவி, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அடியில் தேங்காய் நார்த்தூள் பரப்பி, ஒரு ஓரத்தை மட்டும் ஈரமாக வைத்தேன். ஒரு துண்டுப் பட்டை. அதன் அடியில் அது தானே பட்டு நூலால் குழாய் கட்டிக்கொள்ளும். தீனிக்குக் கறையான். செத்த ரப்பர்க் கட்டை கிடக்கும் தோட்டத்தில் கறையானுக்கு என்ன பஞ்சம். வாரத்துக்கு இரண்டு மூன்று போட்டால் போதும். ஆனால் திடீரென்று பத்து நாள், பதினைந்து நாள் எதையும் தொடாமல் உட்கார்ந்துவிடும். முதல் தடவை நான் சோறு இறங்காமல் தவித்தேன். "நான் ஒரு நாள் சாப்பிடலைன்னா என்னான்னு கேட்டதில்ல," என்றாள் என் மனைவி. அதில் உண்மை இருந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் அது மல்லாந்து, எட்டுக் காலையும் மேலே வைத்துக் கிடந்தது. செத்துவிட்டது என்று முடிவு செய்து, கணக்கில் கழித்து, வாழை மரத்தடியில் புதைக்கக் கரண்டியோடு போனேன். குழி தோண்டி முடிப்பதற்குள் பாட்டிலில் இரண்டு சிலந்திகள் இருந்தன. ஒன்று வெறும் தோல், கால் நுனி வரை முழுதாக. இன்னொன்று புதிதாக, ஈரம் காயாமல், பக்கத்தில் நின்றது. சட்டை கழற்றுவதற்காகத்தான் பட்டினி, அதற்காகத்தான் மல்லாந்தது. வெட்டிய குழி வீணாகாமல் ஒரு மிளகாய்க் கன்று வைத்தேன்.

ஜோடி சேர்ப்பதுதான் பெரும்பாடு. அந்த வருடம் நான் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே சமயம் சிலந்திக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண் சிலந்தி வயதுக்கு வந்துவிட்டால் முகத்துக்கு முன்னால் இருக்கும் இரண்டு சிறு கைகளும் குத்துச்சண்டைக்காரன் கையுறை மாதிரி உருண்டுவிடும். அதன் பிறகு அதற்குச் சோறு வேண்டாம், வீடு வேண்டாம், அலைந்துகொண்டே இருக்கும், சில மாதத்தில் செத்தும் போகும். அதைப் பெண்ணின் பாட்டிலில் விட வேண்டும். அது வாசலில் நின்று கைகளால் தட்டும். பெண் உள்ளேயிருந்து பதிலுக்குத் தட்டினால் சம்மதம். தட்டாமல் வெளியே வந்தால் சாப்பாடு. முதல் மாப்பிள்ளை சாப்பாடானது. இரண்டாவதை விடுவதற்கு முன்னால் பெண்ணுக்கு ஒரு வாரம் வயிறு முட்டப் போட்டேன். அது பலித்தது. வரன் வீட்டாரைப் பேச்சுக்கு அழைத்த அன்றும் என் மனைவி பலகாரத்தைக் குவித்துவிட்டாள். அதுவும் பலித்தது. பசியில்லாதவர்கள்தான் நல்ல முடிவுக்கு வருகிறார்கள் என்பது இரண்டு இடத்திலும் நான் கண்டது.

ஏப்ரலில் பெண் சிலந்தி முட்டைப் பை கட்டி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தது. அதிர்ச்சி ஏற்பட்டால் தன் முட்டையைத் தானே தின்றுவிடும். வீட்டிலோ கல்யாண வேலை. உரலில் மிளகாய் இடிக்கக் கூடாது என்றேன். மாவு இடிக்கக் கூடாது என்றேன். ரேடியோவை நிறுத்தினேன். கடைசியில் கல்யாணத்துக்கு வேண்டிய மசாலா முழுவதையும் என் மனைவி தலையில் சுமந்து போய் லயத்துக் கடைசி வீட்டில் இடித்துக்கொண்டு வந்தாள். யாராவது ஏன் என்று கேட்டால் "எங்க வீட்ல பிள்ளத்தாச்சி இருக்கு" என்று மட்டும் சொன்னாளாம். கல்யாணம் நிச்சயமான பெண் இருக்கும் வீட்டில் இப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்பதை அவள் யோசிக்கவில்லை. அந்தப் பேச்சை அணைக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் குஞ்சுகள் வந்தன. ஐம்பத்து மூன்று. ஐந்து தங்கவில்லை. மிச்சம் நாற்பத்தெட்டை ஆளுக்கொரு பிலிம் டப்பாவில் பிரித்து வைத்தேன். கேமராவுக்குப் பிலிம் வரும் அந்தச் சின்னக் கறுப்பு டப்பா, சாம்பல் நிற மூடி. கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் ஒரு பை நிறையக் கொடுத்தார். மூடியில் ஊசியால் மூன்று ஓட்டை. தாயையும் மற்றப் பெரியவற்றையும், கல்யாணத்துக்கு ஆட்கள் வரும் முன் வெளியேற்ற வேண்டும் என்று மனைவி சொன்னதால், எடுத்த கட்டைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டேன். ஆக வீட்டில் இருந்தது நாற்பத்தெட்டுக் குஞ்சு, நாற்பத்தெட்டு டப்பா. குஞ்சுக்கு ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட், வீதம் முதலாளி முன்பணமும் கொடுத்துவிட்டார்.

இனி அந்த வெள்ளிக்கிழமை. சிங்கப்பூர்க்காரர் ஒவ்வொரு டப்பாவுக்கும் நம்பர் ஒட்டச் சொல்லியிருந்தார். முதலாளி அன்று நாள் நன்றாக இருக்கிறது என்று, நான் ஆபீசில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து, சீட்டு எழுதித் தானே ஒட்டியிருக்கிறார். என் மனைவி காப்பி போட்டுக் கொடுத்தாள். பூச்சியிருக்கும் அறைக்குள் அவள் எட்டிப் பார்க்க மாட்டாள். சாயங்காலம் நான் வந்து பார்த்தால் இரண்டாம் நம்பரிலிருந்து நாற்பத்தெட்டாம் நம்பர் வரை அடுக்கு கலையாமல் இருக்கிறது. ஒன்றாம் நம்பர் இல்லை. டப்பாவே இல்லை. வேறு எதுவும் மாறவில்லை. சாமி படத்துக்கு முன்னால் மட்டும் ஒரு புது டப்பா இருந்தது. மேலே "லாபம்" என்று எழுதி ஒட்டி, குங்குமம் வைத்திருந்தார். பிலிம் டப்பாவில் விபூதி வைக்காத தமிழ் வீடு அந்தக் காலத்தில் இல்லை. முதலாளி ஏதோ கோயில் விபூதியைப் பிரசாதமாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார், விபூதியில்கூட லாபத்தைத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன். மூடியில் ஓட்டை இருந்ததையும் பார்த்தேன். தூவிக்கொள்ள வசதி என்று நினைத்தேன். எங்கள் விபூதிக் கிண்ணத்தில் பாதி மிச்சம் இருந்தது. இருப்பது தீராமல் புதியதைத் திறப்பது என் வழக்கமில்லை.

சனிக்கிழமை காலை ஆபீஸ் போனிலிருந்து முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் பினாங்குக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார், திரும்ப இரண்டு வாரம் ஆகும். சரியாக எண்ணினீர்களா என்று கேட்டேன்.

"என்ன கிராணி இப்படிக் கேட்டுட்டீங்க? லாபத்துலேருந்து நாப்பத்தெட்டு வரைக்கும் என் கையால ஒட்டியிருக்கேன்."

எப்போது பார்த்தாலும் லாபத்தைப் பற்றியே பேசுகிற மனிதர் என்று அலுத்துக்கொண்டு போனை வைத்தேன். அவர் ஒட்டியபோது நாற்பத்தெட்டு இருந்தது. நான் பார்த்தபோது நாற்பத்தேழு. நடுவில் போயிருக்கிறது. கணக்கு அப்படித்தான் சொன்னது.

அம்மா மூலம் விஷயம் தெரிந்து, திங்கள்கிழமை மகள் ஆபீசுக்குப் போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். பக்கத்தில் யாரோ நின்றிருக்க வேண்டும்.

"அப்பா, அது கடிக்குமான்னு அத்த கேக்குறாங்க."

கடிக்காது, கடித்தாலும் குளவி அளவுக்குத்தான் என்றேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரும் அதையேதான் சொன்னார். ஆனால் காய்ச்சலுக்கும் கால் வீக்கத்துக்கும் ஒரே வெள்ளை மாத்திரை கொடுக்கிறவர் சொல்வதை யார் நம்புவார்கள்? சிலந்தி மேலே ஊர்ந்தாலே உடம்பெல்லாம் கொப்பளிக்கும் என்று சம்பந்தியம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"இந்த வாட்டி தீபாவளிய இங்கயே வெச்சுக்கலாமாம்," என்றாள் மகள். பிறகு மெதுவாக, "கண்டுபிடிச்சிருங்கப்பா," என்றாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். தலைதீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்கு வர முடியாத பெண் என்று அந்த வீட்டில் ஒரு தடவை பெயர் விழுந்துவிட்டால் அது அவள் தலைமுடி நரைக்கும் வரை நிற்கும். சண்டை வரும்போதெல்லாம் எடுத்துப் போடுவார்கள். அதற்குக் காரணம் பூச்சி என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

நான் தேடினேன். கோதுமை மாவைத் தரையில் பரப்பி, காலையில் கால் தடம் பார்த்தேன். பல்லியின் தடம், கரப்பானின் தடம், என் தடம். பலகைச் சுவரின் சந்துகளில் டார்ச் அடித்தேன். மகளின் கல்யாணப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். ஐந்தாம் நாள், கண்டுபிடித்துத் தருகிறவர்களுக்கு இரண்டு வெள்ளி என்று பெரட்டில் அறிவித்தேன். அது என் புத்தியற்ற வேலைகளில் ஒன்று. இரண்டு நாளில் முப்பத்தொரு பூச்சிகள் வந்தன. குதிக்கும் சிலந்தி, வலைச் சிலந்தி, ஒரு தேள், ஆறு கால் மட்டும் உள்ள ஏதோ ஒன்று. இது இல்லை என்றால், "இதுவும் லாபா-லாபாதானே கிராணி" என்று வாதாடினார்கள். கொண்டுவந்தவர்கள் கோபத்தில் அவற்றை என் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனதால், வீட்டில் சிலந்தித் தொகை முன்னைவிடக் கூடியது.

தினமும் காலையில் குளித்து, சாமி படத்துக்கு முன்னால் நின்று, அந்த ஒன்றை மட்டும் என் கண்ணில் காட்டு என்று வேண்டிக்கொண்டேன். நின்ற இடத்திலிருந்து லாபம் டப்பா ஒரு முழம்கூட இருக்காது.

இரண்டாவது வாரக் கடைசியில் ரஹாங்குக்குப் போனேன். என் மனைவி பேரக் குழந்தையின் துணியை மடித்துக்கொண்டே பேசினாள். சம்பந்தியம்மா ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறாளாம். கிடைக்கவில்லையென்றால் மருந்து அடித்துவிடுங்கள், வீட்டுக்குள் ஒரு பூச்சிகூட உயிரோடு இல்லை என்று நீங்கள் வாயால் சொன்னால் நான் நம்புவேன், அவர்களும் நம்புவார்கள் என்றாள். முப்பது வருடத்தில் என் வார்த்தைக்கு அவள் மதிப்புப் போட்டுச் சொன்னது அன்றுதான். மறுக்க முடியவில்லை.

தோட்டத்தில் செம்பனைக்குப் பூச்சி மருந்து அடிக்கும் ஆட்களுக்கு மேற்பார்வையாளராக ஒரு மண்டோர் இருந்தார். கொடுத்த வேலையைக் கொடுத்த வார்த்தைப்படி செய்கிற ஆள். வெள்ளிக்கிழமை காலை அவரைக் கூப்பிட்டேன். மனைவி சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னேன். "வீட்டுக்குள்ள ஒரு லாபா-லாபாகூட உயிரோட இருக்கக் கூடாது, மண்டோர்." நாற்பத்தேழு டப்பாக்களையும் ஒரு தட்டில் அடுக்கி, ஈரத் துண்டால் மூடி, வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கும் குளியலறையில் வைத்தேன். சாமிக்கு மருந்து அடிப்பது முறையில்லை என்று படங்கள், விளக்கு, விபூதிக் கிண்ணம், லாபம் டப்பா எல்லாவற்றையும் ஒரு வேட்டியில் கட்டி ஆபீசுக்கு எடுத்துப்போய்ச் சம்பளப் பெட்டகத்துக்கு மேல் வைத்தேன். குளியலறையைப் பற்றி மண்டோரிடம் சொல்லவில்லை. அது வீட்டுக்குள் சேராது என்பது என் கணக்கு.

நாலு மணிக்கு மண்டோர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. முதுகில் பம்பு.

"ஒண்ணுதானே காணோம்னு சொன்னீங்க கிராணி? குளியலறையில மொத்தக் குடும்பமும் ஒளிஞ்சிருந்துச்சு லா. நாப்பத்தேழு. ஓட்டவேற வெச்சிருக்கு. பம்பு மூக்க ஒவ்வொரு ஓட்டையிலயும் வெச்சு, ரெண்டு ரெண்டு தடவ அடிச்சேன். ஒண்ணுகூட விடல."

நான் அவரைத் திட்டவில்லை. அவர் எண்ணிக்கை சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முதலாளி பினாங்கிலிருந்து நேராகக் காரில் வந்தார், டப்பாக்களை எடுத்துப்போக வெள்ளைப் பெட்டி ஒன்றோடு. மருந்து நாற்றத்தில் உள்ளே நுழைய முடியவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். தட்டைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். எல்லாம் காலை மடக்கிக்கொண்டு கிடந்தன. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"லாபம் எங்க கிராணி?"

"லாபம் எங்க முதலாளி இருக்கு, எல்லாம் நஷ்டம்."

"அதில்ல. லாபம். மொதல் டப்பா."

"மொதல் டப்பாதான் காணாமப் போச்சே. ஒண்ணாம் நம்பர். அதுக்குத்தானே இவ்வளவும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். படித்தவனை வியாபாரி பார்க்கும் பார்வை. "ஒண்ணுன்னு எவனாவது எண்ண ஆரம்பிப்பானா? லாபம், ரெண்டு, மூணு. எங்கப்பா காலத்துலேருந்து நெல்லளந்தாலும் அரிசியளந்தாலும் அப்படித்தான். மொதல் டப்பாவுக்குக் குங்குமம் வெச்சு ஒங்க வீட்டுச் சாமிகிட்டதானே வெச்சேன்?"

வியாபாரிகள் வாயால் அப்படி எண்ணுவார்கள் என்பது எனக்குத் தெரியும். சிறுவயதில் கடைத்தெருவில் கேட்டிருக்கிறேன். மையால் எழுதி ஒட்டவும் ஒட்டுவார்கள் என்பதுதான் தெரியாது. நான் ஆங்கிலப் பள்ளியில் எண்ணக் கற்றவன். அங்கே ஒன்று என்பது ஒன்றுதான்.

இருவரும் ஆபீசுக்கு நடந்தோம். ஞாயிற்றுக்கிழமையானதால் யாரும் இல்லை. பெட்டகத்துக்கு மேல் வேட்டியை அவிழ்த்து, மூடியைத் திறந்தேன். மூடியின் உட்புறம் முழுக்க வெள்ளைப் பட்டு. நடுவில் லாபம் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அது கழற்றிப் போட்ட சட்டை. இரண்டு வாரம் பட்டினி கிடந்து, ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

முதலாளி டப்பாவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மொதல் போயிருச்சு, லாபம் மட்டும் நிக்குது," என்றார். "நான் பண்ணுன வியாபாரத்துல இப்படி ஒரு கணக்கப் பாத்ததில்ல." செத்த நாற்பத்தேழுக்கு உரிய முன்பணத்தை அங்கேயே எண்ணி வாங்கிக்கொண்டார். லாபத்துக்கு உரிய ஐந்து வெள்ளியைத் தொடவில்லை. அதை விற்கவும் சம்மதிக்கவில்லை. லாபத்தை வெளியே அனுப்பக் கூடாதாம்.

அன்று மத்தியானமே ரஹாங்குக்குப் போய்ச் சொன்னேன். எங்கே இருந்தது என்று என் மனைவி கேட்டாள். சாமி படத்துக்கு முன்னால் என்றேன். அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். அந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, விழுந்து எழுந்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அதுக்கும் சேத்துத்தான் கும்பிட்டேனா?" என்றாள். பிறகு, "வீடு நாறுமே," என்றாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் வருகிறாள்.

வந்து பார்த்தாள். பலகையெல்லாம் மருந்து ஊறிப் போயிருந்தது. பினாயில் ஊற்றி மூன்று தடவை கழுவி, உள்ளும் புறமும் சாயம் அடித்தோம். சம்பந்தியம்மாவுக்கு நான் வாயால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வீட்டுக்குள் ஒரு பூச்சிகூட உயிரோடு இல்லை. அது உண்மை, லாபம் ஆபீசில் இருந்தது. இருந்தாலும் அவள் மனம் ஆற மாப்பிள்ளை மோதிரத்தில் பவுன் கூட்ட வேண்டியிருந்தது. அதை என் மனைவி என்னைக் கேட்காமல் பேசி முடித்துவிட்டாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். சாய வாசனையும் மருந்து வாசனையும் கலந்த வீட்டில் தங்கி, விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். மகள் அடுப்படியில் அம்மாவோடு சிரித்துப் பேசுவது வாசல் வரை கேட்டது. இலையில் பலகாரம் வைக்கும்போது என் மனைவி வாய்விட்டு எண்ணினாள், லாபம், ரெண்டு, மூணு என்று, என்னைப் பார்க்காமல். மோதிரத்தைப் போட்டுக்கொண்ட மாப்பிள்ளை மெதுவாக என் பக்கம் நகர்ந்து, "மாமா, அதப் பாக்கலாமா?" என்று கேட்டார். ஆபீசுக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். அவர் அதைத் தன் உள்ளங்கையில் நடக்கவிட்டார். சம்பந்தியம்மாவுக்கு இதுவரை தெரியாது.

லாபம் இரண்டரை வருடம் உயிரோடு இருந்தது. அதற்கு நான் ஜோடி தேடவில்லை. இப்போது நான் ரஹாங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். பழைய செலவையெல்லாம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். பாட்டிலும் போக்குவரத்தும் அறுபத்தெட்டு வெள்ளி நாற்பது காசு. சாயமும் பினாயிலும் இருநூற்றுப் பன்னிரண்டு வெள்ளி எழுபத்தைந்து காசு. மண்டோருக்கும் ஆட்களுக்கும் நாற்பத்தைந்து வெள்ளி. மோதிரத்தில் கூட்டிய பவுனுக்கு நூற்று அறுபத்தெட்டு வெள்ளி. போனுக்கும் ரஹாங் பஸ்ஸுக்கும் பதின்மூன்று வெள்ளி இருபது காசு. வரவில் லாபம் மட்டும், ஐந்து வெள்ளி. அதைக் கழித்தால் எனக்கு ஆன செலவு ஐந்நூற்று இரண்டு வெள்ளி முப்பத்தைந்து காசு.